‘என்றென்றும்’ என்பதற்கு ஒரு தேதி: கணினிக் காலப்பிழை விளக்கங்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தவறான தேதிகளாலும் தொலைவிலுள்ள தேதிகளாலும் மென்பொருள்கள் செயலிழக்கும்போது, அதனை விளக்கும் எழுத்துகள் பெரும்பாலும் நாள்காட்டியையே காரணமாகக் காட்டுகின்றன. 2006 முதல் 2022 வரை நிகழ்ந்த சில செயலிழப்புகளின் நிரல்களையும் அறிவிப்புகளையும் பாடங்களாகக் கொண்டு வாசிக்கும் இக்கட்டுரை, அவ்விளக்கம் பல இடங்களில் பொருந்தாது என வாதிடுகிறது. தேதி அல்லாத பொருள்களைத் தேதி வடிவில் எழுதியதே பிழையின் பிறப்பிடம் என்பதும், அவ்வேறுபாட்டைத் தமிழ்க் கல்வெட்டு மரபு தெளிவாகக் கையாண்டது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலப்பிழை, 2038 சிக்கல், ஜிபிஎஸ் வாரச் சுழற்சி, லீப் ஆண்டு, சான்றிதழ், கல்வெட்டுக் காலக்குறிப்பு.

முன்னுரை

2000ஆம் ஆண்டுச் சிக்கல் உலகிற்கு விட்டுச்சென்றது ஒரு கதைவடிவம். ஒரு நாள் குறிக்கப்படுகிறது, அந்நாளை நோக்கி அச்சம் வளர்கிறது, நாள் வருகிறது, மென்பொருள் விழுகிறது அல்லது தப்புகிறது. ஆண்டை இரண்டிலக்கத்தில் எழுதிய பழைய நிரல்களுக்கு இவ்வடிவம் ஓரளவு பொருந்தியது. ஆனால் அதன்பின் நிகழ்ந்த காலப்பிழைகள் ஒவ்வொன்றையும் அதே அச்சில் வார்த்துச் சொல்லும் பழக்கம் நிலைத்துவிட்டது. 2038 ஜனவரி 19 குறித்து இன்று எழுதப்படுபவை பலவும் 1999இல் எழுதப்பட்டவற்றின் மறுபதிப்புகள்போல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இக்கதையில் நாள்காட்டி பகைவன். மென்பொருள் அதற்கு இரையானது. எண்ணை எழுதியவர் எப்பொருளில் எழுதினார், படித்த நிரல் எப்பொருளில் படித்தது என்னும் வினாக்களுக்கு இதில் இடமில்லை. மூலபாடத் திறனாய்வில் பழகியவர்களுக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. நிரலும் ஒரு பாடமே. அதற்கு மூலம் உண்டு. நிரலாளர் எழுதிவைக்கும் குறிப்பாகிய உரையும் உண்டு. தவறான வாசிப்பும் உண்டு. அவ்வகையில் சில செயலிழப்புகளை நெருங்கி வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாள்காட்டி உண்மையிலேயே இடறிய பிழைகளும் உள்ளன. மைக்ரோசாஃப்டின் ஸூன் இசைக்கருவிகளுள் 30 ஜிபி வகையைச் சேர்ந்தவை 2008 டிசம்பர் 31 அன்று உறைந்து நின்றன. நாள்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கணக்கிடும் நிரற்பகுதி, லீப் ஆண்டின் 366ஆம் நாளில் வெளியேற வழியற்ற சுழலில் சிக்கியது. மின்கலம் முற்றும் தீரும்வரை விட்டு, மறுநாள் மீண்டும் இயக்கினால் கருவி தானே சரியானது. இங்கு ஒரு சோதனைக்கல் கிடைக்கிறது: நாள் கடந்ததும் தானே தீரும் பிழை நாள்காட்டிப் பிழை. நாள் கடந்தும் தீராதது வேறொன்று. பொதுவழக்கில் இவ்விரண்டும் ஒரே பெயரில் வழங்குகின்றன.

பெயர் மறைப்பது

2022 ஜனவரி 1 அன்று, உலகெங்கும் நிறுவனங்கள் தம் இடத்திலேயே இயக்கிவந்த எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 மின்னஞ்சல் வழங்கிகளில் அஞ்சல்கள் வரிசையிலேயே தேங்கின. புத்தாண்டு மாற்றத்தின்போது தேதிச் சரிபார்ப்பு தவறியதே காரணம் என்னும் பொருள்பட மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அறிவிப்பைப் படித்த எவருக்கும் கடிகாரமோ ஆண்டுக்கணக்கோ பிழைத்தது என்றே தோன்றும். கடிகாரம் பிழைக்கவில்லை, எந்த வழங்கியும் அன்று தன்னை வேறோர் ஆண்டில் இருப்பதாகக் கருதவில்லை.

நடந்தது வேறு. அஞ்சல்களில் தீநிரல் உள்ளதா எனத் தேடும் பொறிக்கு அவ்வப்போது புதிய தரவுகள் வந்துசேரும். அவற்றின் பதிப்பெண், ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றுக்கு ஈரிரு இலக்கமும் அதன்பின் நான்கிலக்க வரிசையும் கொண்டு அமைந்திருந்தது. 2022இன் முதற்பதிப்பு 2201010001. இதனை நிரல் 32 பிட் கொண்ட முழுவெண்ணாகப் படித்தது. எதிர்மறைக்கும் இடம்தரும் அவ்வகை எண்ணின் உச்சவரம்பு 2147483647. ‘21’ எனத் தொடங்கிய பதிப்பெண்கள் யாவும் வரம்பினுள் அடங்கின. ‘22’ எனத் தொடங்கியது அடங்கவில்லை. பொறி முறிந்தது, சோதிக்கப்படாத அஞ்சல்கள் நகராமல் நின்றன.

ஆகவே இது தேதிச் சிக்கல் என்பதைவிடப் பெயரிடும் சிக்கல் என்பதே பொருந்தும். ஒரு பெயர் எண்போல் எழுதப்பட்டது. எண்போல் எழுதப்பட்டதனால் எண்ணாகவே படிக்கப்பட்டது. இதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்த தீர்வே வலுவான சான்று. புதிதாக வெளியிடப்பட்ட தரவுகளின் பதிப்பெண் 2112330001 எனத் தொடங்கியது. தேதியாகப் படித்தால் அது 2021 டிசம்பர் 33. அப்படியொரு நாள் எந்த நாள்காட்டியிலும் இல்லை. ஆயினும் அஞ்சல்கள் நகர்ந்தன. உண்மையில் தேதி சரிபார்க்கப்பட்டிருந்தால், இல்லாத அந்நாள் முதற்சோதனையிலேயே தள்ளுண்டிருக்கும். தன் அறிவிப்பில் நாள்காட்டியைக் குற்றம்சாட்டிய நிறுவனம், தன் தீர்வில் அக்குற்றச்சாட்டைத் தானே மறுத்துவிட்டது எனலாம்.

பத்தாண்டுகளுக்கு முன் அதே நிறுவனத்தின் மற்றொரு சேவையை இல்லாத நாளொன்று வீழ்த்தியிருந்தது. 2012இல் இல்லாத தேதி வீழ்த்தியது. 2022இல் இல்லாத தேதி மீட்டது. முன்னதில் எண் உண்மையாகவே தேதியாக இருந்தது. பின்னதில் தேதியின் தோற்றம் மட்டுமே இருந்தது. இரண்டையும் காலப்பிழை என ஒரே சொல்லால் குறிப்பது, சொல்லின் வறுமையைக் காட்டுவதன்றிப் பொருளை விளக்குவதில்லை.

நூறு கோடி நொடிகள்

தொலைவிலுள்ள தேதிகளால் விளையும் பிழைகளுள் விரிவாக நோக்கத்தக்கது ஏஓஎல்சர்வர் என்னும் வலை வழங்கியில் 2006 மே மாதம் நேர்ந்தது. இவ்வழங்கியின் அமைப்புக்கோப்பில், தரவுத்தள இணைப்பொன்று பயன்படாமல் கிடந்தால் எத்தனை நொடிகளுக்குப்பின் அதனை மூட வேண்டும் எனக் குறிக்கும் வரியொன்று உண்டு. ‘ஒருபோதும் மூடாதே’ எனச் சொல்ல விரும்பியவர்கள் அங்கு 1000000000 என எழுதினர். நூறு கோடி நொடிகள் என்பது 31 ஆண்டுகளுக்கும் மேல். எந்த வழங்கியும் அத்தனை காலம் நிற்காமல் ஓடாது. எனவே நடைமுறையில் அது ‘ஒருபோதும்’தான்.

நிரலோ அவ்வெண்ணைச் சொல்லாகப் படிக்கவில்லை. நடப்பு நேரத்துடன் அதனைக் கூட்டி, இணைப்பு மூடப்பட வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. 32 பிட் எண்ணில் அது 2038 ஜனவரி 19, 03:14:07 வரையே செல்லும். அங்கிருந்து நூறு கோடி நொடிகளைப் பின்னோக்கி எண்ணினால் 2006 மே 13, உலகப் பொதுநேரம் 01:27 மணியளவில் வந்துநிற்கிறோம். அந்நொடியைக் கடந்ததும் கூட்டுத்தொகை வரம்பை மீறி எதிர்மறையானது. எதிர்மறை எண் 1970க்கு முந்தைய காலத்தைக் குறிக்கும். மிகத் தொலைவிலிருந்த கெடு ஒரு நொடியில் 1901ஆம் ஆண்டுக்குத் தாவியது. வழங்கிகள் செயலிழந்தன. அமைப்புக்கோப்பில் சிறியதோர் எண்ணை இட்டதும் மீண்டன.

அன்று உலகில் எதுவும் நிகழவில்லை. ஆண்டு மாறவில்லை, திங்கள் மாறவில்லை, லீப் நாளும் இல்லை. 2038 வருவதற்கு 31 ஆண்டுகளுக்கும் மேல் எஞ்சியிருந்தன. எனினும் 2038 சிக்கல் அவ்வழங்கிகளில் அன்றே நிகழ்ந்து முடிந்தது. இதற்குக் காரணம் நாள்காட்டி அன்று. ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு அமைப்புக்கோப்பை எழுதியவர் எண்ணொன்றைச் சொல்லாக ஆண்டதே.

இது தனித்த நிகழ்வு அன்று, ஒரு மரபு. தரவுத்தளங்களில் முடிவு நாள் தெரியாதபோதும் முடிவே இல்லாதபோதும் 9999 டிசம்பர் 31 என எழுதுவது பலருக்கும் பழகிய வழக்கம். உலகப் பொதுநேரத்தில் அந்நாளின் கடைசி நொடியாகச் சேமிக்கப்பட்டதை இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி கூட்டினால் ஆண்டு 10000 ஆகிறது. நான்கிலக்க ஆண்டோடு நின்றுவிடும் நிரல்மொழிகள் அங்கே பிழை காட்டி நிற்கின்றன. இணையச் சான்றிதழ்களுக்கு இலக்கணம் வகுத்த ஆர்எஃப்சி 5280 என்னும் 2008ஆம் ஆண்டு ஆவணமும், தெளிவான முடிவு நாள் இல்லாத சான்றிதழுக்கு 9999 டிசம்பர் 31, 23:59:59 என எழுதுமாறு கூறுகிறது. தரநிலை ஒன்றில் வெளிப்படையாக அறிவித்துச் செய்வதால் இதனை நேர்மையான வழக்கம் என ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் தரநிலையைப் படித்தவருக்கு மட்டுமே அது ‘முடிவில்லை’. படிக்காத நிரலுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை.

இவ்விடத்தில் தமிழ்க் கல்வெட்டுகளை நினைவுகூர்வது பொருத்தமுடையது. கோயிலுக்கு நொந்தா விளக்கு வைத்த சோழர் காலக் கொடைச்சாசனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொடை நிகழ்ந்த காலம் அரசனின் ஆட்சியாண்டால் ‘யாண்டு’ எனக் குறிக்கப்படும். ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ‘நிசதம் உழக்கு’ எனக் குறிக்கப்படும். கொடை நிலைக்க வேண்டிய காலம் ‘சந்திராதித்தவற்’ எனக் குறிக்கப்படும். திங்களும் ஞாயிறும் உள்ளளவும் என்பது பொருள். நிகழ்ந்த நாள், மீளமீள வரும் கடமை, முடிவின்மை ஆகிய மூன்றும் மூவகைத் தொடர்களால் சொல்லப்படுகின்றன. ‘ஆயிரமாவது யாண்டு வரை’ என எழுதி முடிவின்மையைச் சுட்டும் வழக்கம் அங்கு இல்லை. ஆடுகளைப் பற்றிச் சொல்லும்போதும் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே எழுதினர்: மந்தையில் தனி ஆடுகள் இறந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்னும் ஒப்பந்தம் அத்தொடரில் அடங்கியிருக்கிறது. கல்லில் வெட்டுவோனுக்கு இடச்சிக்கனம் தெரியாததன்று. எங்குச் சுருக்கலாம், எங்குச் சுருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

சுழலும் எண்ணும் வெளிச்சான்றும்

அறுபதாண்டுச் சுழற்சியில் எழுதப்பட்ட காலக்குறிப்பைக் கையாண்டோர் அனைவரும் ஒரு தொல்லையை அறிவர். ஏட்டின் இறுதியில் ‘விய ஆண்டு’ என்று மட்டும் இருந்தால் அது 1886ஆ, 1946ஆ, அதற்கும் முந்தியதா என்பதை அச்சொல் தனித்துச் சொல்லாது. கிழமை, நாள்மீன், திதி, எழுத்தமைதி ஆகிய வெளிச்சான்றுகளைக் கொண்டே சுழற்சி எதுவெனத் துணிய வேண்டும். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த காலக்கணிப்பு அட்டவணைகள் இத்தேவையினின்று பிறந்தவையே.

ஜிபிஎஸ் துணைக்கோள்கள் பல்லாண்டுகளாக அனுப்பிவரும் செய்தியும் இத்தகையதே. 1980 ஜனவரி 6 முதல் கழிந்த வாரங்களை அது 10 பிட்டுகளில் சொல்கிறது. 10 பிட்டுகளில் 1024 எண்கள் அடங்கும். பின் மீண்டும் சுழியம். ஏறத்தாழ 19 ஆண்டு 7 திங்களுக்கு ஒருமுறை சுழற்சி முடிகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் முடிந்தது. அடுத்தது 2038 நவம்பரில். துணைக்கோள் சொல்வது ‘விய ஆண்டு’ என்பதற்கு நிகர். எந்தச் சுழற்சி என்பதை ஏற்கும் கருவியே வெளிச்சான்று கொண்டு முடிவு செய்ய வேண்டும். 2019 ஏப்ரல் சுழற்சியின்போது நியூயார்க் மாநகரின் கம்பியில்லா வலையமைப்பு முடங்கியது. சுழற்சி வருமென முன்பே அறிந்த ஒன்றிலும் இது நேர்ந்தது.

இதனினும் நுட்பமானது ஜிபிஎஸ்டி என்னும் திறமூல மென்பொருளில் நேர்ந்த பிழை. ஜிபிஎஸ் கருவிகளின் செய்தியைப் படித்துப் பிற நிரல்களுக்கு, குறிப்பாக நேர வழங்கிகளுக்கு, அளிப்பது இதன் பணி. சுழற்சியைத் தவறாகக் கணிக்கும் கருவிகளைத் திருத்துவதற்காக இதில் காவல் வரியொன்று சேர்க்கப்பட்டது. வார எண் 2180ஐத் தாண்டியிருந்து, லீப் நொடிகளின் எண்ணிக்கை 19க்குக் குறைவாக இருந்தால், கருவி பிழையாக எதிர்காலத்தைச் சொல்கிறது எனக் கொண்டு 1024 வாரங்களைக் கழித்துவிடு என்பதே அவ்வரி. லீப் நொடியை வெளிச்சான்றாகக் கொண்டது மரபுக்கு உகந்த முறைதான். 2022 டிசம்பர் 31க்குள் லீப் நொடி 19 ஆகிவிடும் எனக் கொள்வதாக அருகிலேயே குறிப்பும் எழுதப்பட்டிருந்தது.

இரண்டு பிழைகள் இங்கு உள்ளன. முதலாவது எவரும் எளிதில் காண்பது: 2016 டிசம்பருக்குப்பின் லீப் நொடி ஏதும் சேர்க்கப்படவில்லை, எண்ணிக்கை 18இலேயே நின்றது. புவியின் சுழற்சி எவருடைய கணிப்புக்கும் கட்டுப்பட்டதன்று. இரண்டாவது பிழை பாடத்தினுள்ளேயே இருக்கிறது. வார எண் 2180 என்பது 2021 அக்டோபர் 17 அன்று தொடங்கும் வாரம். குறிப்பு சொல்லும் 2022 டிசம்பர் 31 அதற்கு 62 வாரங்கள் பிந்தியது. அதாவது லீப் நொடி பற்றிய அனுமானம் முற்றிலும் பலித்திருந்தாலும்கூட, இடைப்பட்ட ஓராண்டுக்கு மேலான காலத்தில் இவ்வரி பிழைத்திருக்கக்கூடும். உரை ஒன்று கூறுகிறது; மூலம் வேறொன்று செய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் போதும். வானியல் அறிவு வேண்டியதில்லை.

2021 அக்டோபர் 24, ஞாயிறு, புதிய ஜிபிஎஸ் வாரம் தொடங்கியதும் இவ்வரி உயிர்பெற்று, அந்நாளை 2002 மார்ச் 10 ஆக மாற்றும் நிலை இருந்தது. 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில் இருந்த இப்பிழை 3.23இல் முன்னரே களையப்பட்டிருந்தது. அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையும் எச்சரித்தது. கவனிக்கப்பட்டதற்குக் காரணம், எவரோ ஒருவர் பாடத்தை உள்ளவாறு வாசித்ததே. துணைக்கோள்கள் சரியாகவே பேசின. கருவிகளும் சரியாகவே கேட்டன. பொய்யான எதிர்காலத்தைத் தடுக்க எழுதப்பட்ட காவலே மெய்யான நிகழ்காலத்தைப் பொய்யெனக் கருதியது. இதனையும் ‘ஜிபிஎஸ் சுழற்சிப் பிழை’ எனச் சிலர் எழுதினர். 2021 அக்டோபரில் சுழற்சி ஏதும் நிகழவில்லை.

நோயென வாசிக்கப்பட்ட நாள்

மேலே சுட்டிய 2012 நிகழ்வுக்கு வருவோம். மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகக்கணிமைச் சேவையில், மெய்நிகர்க் கணினி ஒன்று புதிதாகத் தொடங்கும்போது அதனுள்ளிருக்கும் முகவர் நிரல் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கும். முடிவு நாளைக் கணக்கிட, நடப்பு நாளின் ஆண்டுடன் ஒன்றைக் கூட்டுவதே முறையாக இருந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று இம்முறை 2013 பிப்ரவரி 29 என்னும் இல்லாத நாளைத் தந்தது. சான்றிதழ் உருவாகவில்லை, முகவர் நின்றது.

இதுவரை இது நாள்காட்டிப் பிழையே. பில் லேங் எழுதி அவ்வாண்டு மார்ச் 9 அன்று வெளியான நிறுவன அறிக்கை இதனைத் தெளிவாகவே விளக்குகிறது. இவ்வகை அறிக்கைகளுள் அதனைச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கொள்ளத் தயக்கமில்லை. தன் நிரலின் உட்பகுதிகளைப் பெயர்சொல்லித் திறந்துகாட்டும் துணிவு அரிது. ஆனால் அவ்வறிக்கையைப் படித்தவர்கள் எடுத்துச்சென்றது ‘லீப் நாள் பிழை’ என்னும் பெயரை மட்டுமே. அறிக்கையின் நடுப்பகுதி அதைவிட முதன்மையானது.

முகவரிடமிருந்து 25 நிமிடம் செய்தி வராவிட்டால், வெளியிலிருக்கும் நிரல் மெய்நிகர்க் கணினியை மீண்டும் தொடங்கும். மும்முறை தவறினால், வன்பொருளே பழுதுற்றது எனக் கருதி அவ்வழங்கியை மனிதர் பார்வைக்கு ஒதுக்கிவிடும். பிறகு அதிலிருந்த பிற மெய்நிகர்க் கணினிகளை நல்ல வழங்கிகளுக்கு மாற்றும். மாற்றப்பட்ட இடத்தில் அவை புதிதாகத் தொடங்கும், புதிதாகத் தொடங்குவதால் புதிய சான்றிதழ் வேண்டும், அதுவும் உருவாகாது, நல்ல வழங்கியும் பழுதெனக் குறிக்கப்படும். கூட்டல் ஒன்றில் பிறந்த பிழை, நோய்தீர்க்கும் ஏற்பாட்டின் வழியே தொற்றாகப் பரவியது. அன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர்க் கணினிகளுக்குப் புதிய சான்றிதழ் தேவைப்படவில்லை. அவற்றைத் தொடாமல் விட்டிருந்தால் நின்றிருக்கா. 

எனவே இங்கு நிகழ்ந்த பெருங்கேடு ஒரு தவறான வாசிப்பினால் விளைந்தது. மென்பொருளின் மௌனம் வன்பொருளின் மரணமாக வாசிக்கப்பட்டது. லீப் நாள் என்னும் பெயர் இதனை முற்றும் மறைத்துவிடுகிறது. லீப் நாளைச் சரியாகக் கூட்டும் நிரலை எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்னும் எண்ணத்தை அப்பெயர் வளர்க்கிறது. வேறெந்தக் காரணத்தால் முகவர் நின்றிருந்தாலும் இதே பரவல் நிகழ்ந்திருக்கும்.

அவ்வாண்டு நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரு நேர வழங்கிகள், ‘டிக்’, ‘டாக்’ எனப் பெயர்கொண்டவை, ஆண்டை 2000 எனச் சிறிது நேரம் அறிவித்தன. இதனைச் சுருங்கச் சொன்னால் போதும். நேரத்திற்கே அதிகாரப் பீடமான இடம் தவறியபோது, அதனை மட்டும் நம்பியிருந்தவை விழுந்தன; பல இடங்களில் கேட்டு ஒப்பிட்டவை தப்பின. என்டிபி நிரல் 1000 நொடிகளுக்கு மேற்பட்ட வேறுபாட்டை இயல்பில் ஏற்பதில்லை. ஆனால் தொடங்கும்போது முதன்முறை மட்டும் எவ்வளவு வேறுபாட்டையும் ஏற்கும் விருப்பத்தேர்வு பல கணினிகளில் இயக்கப்பட்டிருக்கும். நிறுவனங்களில் ஆளடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக ஐந்து நிமிட வேறுபாட்டை மட்டுமே பொறுக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் பின்சென்ற வழங்கியில் சரியான கடவுச்சொல்லும் பயனற்றதாயிற்று.

2038 எப்போது?

மேற்கண்டவற்றின் ஒளியில், 2038 சிக்கல் பற்றிய எழுத்துகளை மறுவாசிப்புச் செய்ய வேண்டியுள்ளது. அவை ஒரு நொடியைக் குறித்து அதற்காகக் காத்திருக்கின்றன. லினக்ஸ் கருவகத்தின் 5.6ஆம் பதிப்பும் (2020), ஜிலிப்சி நூலகத்தின் 2.34ஆம் பதிப்பும் (2021) 32 பிட் கணினிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாள வழிசெய்துள்ளன என்பது உண்மை. அந்த உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் எழுதி வைக்கப்பட்ட பாடங்கள் அதனால் மாறுவதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப் வகைப் புலம் 2038 ஜனவரி 19, 03:14:07க்கு அப்பால் செல்லாது. அப்புலத்தை நிகழ்ந்த நாளைப் பதியப் பயன்படுத்தியவருக்கு இன்னும் காலம் உண்டு. தவணை முடியும் நாளைப் பதியப் பயன்படுத்தியவருக்கு இல்லை.

இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொற்கள் ஏராளம்: நாள், கெடு, தவணை, வரையறை. இருந்தும் நம் கலைச்சொல் தொகுப்புகளும் மொழிபெயர்ப்புகளும் எல்லாவற்றையும் ‘தேதி’ என்னும் ஒரு சொல்லில் அடக்குகின்றன. முடிவு தேதி, காலாவதி தேதி, பதிப்புத் தேதி. காலாவதி என்னும் சொல்லிலேயே அவதி, அதாவது எல்லை, இருக்கிறது. அதன்மேல் தேதி என்பதையும் ஏற்றுவது மிகை. (அவதி என்பதற்குத் துன்பம் என்னும் பொருளும் வழங்குவதைக் கணினியர் மறுக்கமாட்டார்கள்.) நிகழ்ந்ததைக் குறிப்பது நாள், வரவேண்டியதைக் குறிப்பது கெடு, முடிவற்றதைக் குறிக்கத் தனிச்சொல் என மூன்றாகப் பிரித்து ஆண்டால், தமிழில் எழுதப்படும் மென்பொருள் விளக்கங்களேனும் ஆங்கில விளக்கங்களின் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை. படிவத்தில் முடிவு நாள் என்னும் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு இடமளிப்பதும் இதனோடு சேர்ந்தது. வெறுமையாக விட முடியாதவர்தான் 9999 என எழுதுகிறார்.

ஆர்எஃப்சி 5280 இவ்வகையில் மீண்டும் நோக்கத்தக்கது. முடிவின்மைக்கு 9999 என வகுத்த அதே ஆவணம், 2049 வரையான ஆண்டுகளை இரண்டிலக்கத்திலேயே எழுதப் பணிக்கிறது: 50க்குக் குறைந்தால் 20 சேர்க்க, 50 அல்லது அதற்கு மேலாயின் 19 சேர்க்க. 2000ஆம் ஆண்டுச் சிக்கல் கடந்து எட்டாண்டுகள் ஆனபின் வந்த ஆவணம் இது. பழைய சான்றிதழ்களோடு ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் 2050ஐத் தாண்டும் முடிவு நாள் கொண்ட சான்றிதழ் எழுதப்படும் நாளிலேயே இரண்டிலக்கத்திலிருந்து நான்கிலக்கத்துக்கு மாறும் வாசிப்பைக் கோருகிறது, 2050க்காகக் காத்திருப்பதில்லை.

அதுபோல் 32 பிட் நேரத்தில் கெடுவை எழுதும் எந்த நிரலுக்கும் அதனதன் 2038 வேறு. 30 ஆண்டுக் கடனைக் கணக்கிட்ட நிரலுக்கு அது 2008 ஜனவரி 19 அன்று வந்துவிட்டது. 20 ஆண்டுக்கு 2018. 15 ஆண்டுக்கு 2023. 10 ஆண்டுச் சான்றிதழுக்கு 2028 ஜனவரி 19. ஓராண்டுச் சந்தாவுக்கு 2037 ஜனவரி 19.